11,500 டாலரும் மூன்று ஆட்டங்களும்

2019 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள மெம்ஃபிஸ் நகரில் அன்றிரவு கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்று நடக்கவிருந்தது. அதற்குச் சற்று முன்பு, மெம்ஃபிஸ் பல்கலைக்கழக அணியின் புது வரவான ஜேம்ஸ் வைஸ்மனின் வழக்கறிஞர்கள் செய்தியாளர்களிடம் இரண்டு செய்திகளைச் சொன்னார்கள். கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ அமைப்பு வைஸ்மனை ஆடத் தகுதியற்றவர் என்று முடிவு செய்துவிட்டது என்பது ஒன்று. அந்த முடிவை நிறுத்திவைத்து உள்ளூர் ஷெல்பி கவுண்டி சான்சரி நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு வாங்கியாகிவிட்டது என்பது மற்றொன்று. உத்தரவின் பலத்தில் அந்த ஏழடி உயர இளைஞர் களமிறங்கினார். 17 புள்ளிகள் எடுத்தார். மூன்று நாள் முன்பு தன் முதல் கல்லூரி ஆட்டத்தில் 28 புள்ளிகளும் 11 ரீபவுண்டுகளும் எடுத்திருந்தவர் அவர். அந்த ஆண்டு அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து வெளிவந்த ஆட்டக்காரர்களில் முதலிடத்தில் வைக்கப்பட்டவர். வயது 18.

அதன் பிறகு அவர் கல்லூரிக்காக ஆடியது ஒரே ஒரு ஆட்டம். மூன்றே ஆட்டங்களோடு முடிந்த அந்தக் கல்லூரி வாழ்க்கையைப் பற்றி அப்போது எழுதப்பட்டவை ஏராளம். பெரும்பாலும் 'பணம் வாங்கியது தவறா, சரியா' என்ற கேள்வியைச் சுற்றியே அவை நின்றன. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறு. யார் தீர்ப்பளிக்கிறார்கள், எந்த வரிசையில் அளிக்கிறார்கள், அதற்குள் யாருடைய காலம் கரைகிறது என்பதே அது. வைஸ்மன் விவகாரத்தில் தண்டனை முதலில் வந்தது. குற்றம் நடந்ததா என்ற தீர்மானம் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது.

பணத்தின் கதை இதுதான். அன்ஃபெர்னி ஹார்டவே, ஊர் வழக்கில் 'பென்னி', மெம்ஃபிஸில் பிறந்து ஏழ்மையான பகுதியில் வளர்ந்தவர்; மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் ஆடி, தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 1993இல் மூன்றாவதாகத் தேர்வாகி, ஆர்லாண்டோ மேஜிக் அணியில் பெரும் நட்சத்திரமானவர். ஆடி ஓய்ந்தபின் சொந்த ஊரில் சிறுவர்களுக்குப் பயிற்சி தந்தார். அங்குள்ள ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியின் பயிற்றுநராகவும் இருந்தார். 2017 கோடையில், 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நாஷ்வில் நகரிலிருந்து வைஸ்மனின் குடும்பம் மெம்ஃபிஸுக்குக் குடிபெயர்ந்தது. வைஸ்மன் ஈஸ்ட் பள்ளியில் சேர்ந்தார். வீடு மாற்றும் செலவுக்காக அவருடைய தாயிடம் ஹார்டவே தந்த தொகை 11,500 டாலர். மகனுக்கு இது தெரியாது என்று பல்கலைக்கழகமே பின்னர் தன் அறிக்கையில் குறிப்பிட்டது.

அப்போது ஹார்டவே பல்கலைக்கழகத்தின் ஊழியர் அல்ல. 2018 மார்ச்சில்தான் அவர் மெம்ஃபிஸ் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்றுநர் ஆனார். அந்த நவம்பரில் வைஸ்மன், கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் மெம்ஃபிஸைத் தேர்ந்தெடுத்தார். 2017இல் ஒரு பள்ளிப் பயிற்றுநர் தந்த பணம் 2019இல் கல்லூரி ஆட்டக்காரரின் தகுதியை எப்படிப் பறித்தது? இதற்கு விடை 2008இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஹார்டவே தான் படித்த பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் புகழ்மண்டபத்துக்காக 10 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தார். என்சிஏஏ விதிப்படி அப்படிக் கொடுப்பவர் 'பூஸ்டர்', அதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டு நலன்களைப் பிரதிநிதித்துவம் செய்பவர். ஒருமுறை பூஸ்டர் ஆகிவிட்டால் ஆயுளுக்கும் பூஸ்டர்தான், விலகிக்கொள்ள வழியில்லை. பூஸ்டர் எவரும் வருங்கால ஆட்டக்காரருக்கோ அவர் குடும்பத்துக்கோ பண உதவி செய்யக்கூடாது. செய்தால் அந்த ஆட்டக்காரர் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆடும் தகுதியை இழப்பார். நன்கொடை கொடுக்கப்பட்ட போது வைஸ்மனுக்கு வயது ஏழு.

என்சிஏஏவின் தகுதிச் சான்று மையம் 2019 மே மாதத்திலேயே வைஸ்மனுக்குத் தகுதி உண்டு என்று சான்றளித்திருந்தது. பிறகு கூடுதல் தகவல் வந்தது, பல்கலைக்கழகமும் அமைப்பும் சேர்ந்து விசாரித்தன, முடிவு மாறியது. நவம்பரில், ஆட்டப் பருவம் தொடங்கிய பின், பையன் களத்தில் நிற்கும்போது மாறியது. வைஸ்மனுக்கு இது முதல் அனுபவமும் அல்ல. 2017இல் ஈஸ்ட் பள்ளிக்கு மாறியபோதும், கோடைக்கால அணியில் ஏற்கெனவே ஹார்டவேயோடு தொடர்பு இருந்ததைக் காரணம் காட்டி மாநிலப் பள்ளி விளையாட்டு அமைப்பு அவரைத் தகுதியற்றவர் என்றது. அப்போதும் நீதிமன்றம் போய்த்தான் ஆட முடிந்தது.

நம் ஊர்க் கல்லூரி விளையாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் இந்த விவகாரத்தின் கனம் பிடிபடாது. அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து பெரும் வணிகம். ஒவ்வொரு மார்ச்சிலும் நடக்கும் என்சிஏஏ போட்டித்தொடரின் ஒளிபரப்பு உரிமையை மட்டும் 8 ஆண்டு நீட்டிக்க, தொலைக்காட்சி நிறுவனங்களான சிபிஎஸ்சும் டர்னரும் 2016இல் 880 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. என்சிஏஏவின் ஆண்டு வருமானம் அடுத்த சில ஆண்டுகளில் 100 கோடி டாலரைத் தாண்டியது. பயிற்றுநர்களுக்குக் கோடிகளில் சம்பளம். ஆடும் மாணவருக்குக் கிடைத்தது கல்வி உதவித்தொகை. அதற்கு மேல் எதுவும் பெறக்கூடாது என்பது அப்போதைய விதி. 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொற்றொடரே 1950களில் என்சிஏஏவின் தலைமை நிர்வாகி வால்டர் பயர்ஸ் காலத்தில் புழக்கத்துக்கு வந்தது. களத்தில் அடிபட்டவரோ அவர் குடும்பமோ தொழிலாளர் இழப்பீடு கேட்டுவிடக்கூடாதே என்ற கவலையில் பிறந்தது அது. பயர்ஸ் 1987இல் பதவி விலகியபின் 1995இல் எழுதிய நினைவு நூலில், தான் கட்டிக்காத்த அந்த ஏற்பாட்டையே கடுமையாக விமர்சித்தார்.

அப்படியானால் வைஸ்மன் நேராகத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாமே என்று தோன்றலாம். கதவு அங்கேயும் சாத்தியிருந்தது. 2006 டிராஃப்டிலிருந்து என்பிஏவில் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்க ஆட்டக்காரர் பள்ளி முடித்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். டிராஃப்ட் நடக்கும் நாட்காட்டி ஆண்டில் 19 வயது நிறைய வேண்டும். அந்த ஓராண்டைக் கழிக்கப் பெரும்பாலானவர்களுக்கு இருந்த வழி கல்லூரிதான். வெளிநாட்டு லீக்குகளுக்குப் போனவர்கள் சிலர் மட்டுமே. எனவே 'பிடிக்காவிட்டால் ஆடாமல் இருக்கலாமே' என்ற வாதம் இந்த வயதுக்காரர்களிடம் எடுபடாது. சந்தை ஒருபுறம் அடைத்திருக்க, மறுபுறம் இருப்பது ஒரே ஒரு கடை.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்பும் பகுதி. என்சிஏஏவின் உறுப்பினர்கள் பல்கலைக்கழகங்கள். ஏறத்தாழ 1,100 கல்வி நிறுவனங்கள். ஆட்டக்காரர் உறுப்பினர் அல்ல. அவருடைய தகுதியைப் பற்றிய வழக்கு, விதிப்படி, அமைப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலானது. தகுதியில் ஐயம் எழுந்தால் ஆட்டக்காரரை முதலில் தகுதியற்றவர் என்று அறிவிக்க வேண்டியதே அவருடைய பல்கலைக்கழகம்தான். அறிவித்தபின், மீண்டும் தகுதி தரும்படி அமைப்பிடம் மனுச் செய்ய வேண்டியதும் அதே பல்கலைக்கழகம்தான். அறிவிக்காமல் ஆடவிட்டால் அது உறுப்பினர் கடமையை மீறிய குற்றம். இந்த ஏற்பாட்டின் விளைவு ஷெல்பி கவுண்டி வழக்கிலேயே தெரிந்தது. வைஸ்மன் தொடுத்த வழக்கில் எதிர்த்தரப்பு என்சிஏஏ மட்டுமல்ல. தன்னை வெளியே உட்கார வைக்கக் கூடிய தன் சொந்தப் பல்கலைக்கழகத்தையும் அவர் சேர்க்க வேண்டியிருந்தது. அதே பல்கலைக்கழகம் அதே வாரத்தில் அவருக்கு ஆதரவாகப் பேசிக்கொண்டும் இருந்தது.

விசாரணை நியாயமாக நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பைக் காட்டிக் கேட்கவும் முடியாது. லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கூடைப்பந்துப் பயிற்றுநர் ஜெரி டார்க்கேனியன் அதைத்தான் கேட்டார். அவரை இடைநீக்கும்படி 1970களில் என்சிஏஏ அவருடைய பல்கலைக்கழகத்தை நெருக்கியது. அந்த வழக்கு 1988இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் சொன்ன முடிவு இது: என்சிஏஏ அரசின் கரம் அல்ல, தனியார் அமைப்பு, ஆகவே முறையான விசாரணைக்கான அரசியலமைப்புப் பாதுகாப்பு அதைக் கட்டுப்படுத்தாது. ஓர் இளைஞர் தன் தொழிலை நோக்கிப் போகும் ஒரே பாதையைக் காவல் காக்கும் அமைப்பு, அவருக்கு நேரில் பேச வாய்ப்புக் கொடுக்க வேண்டிய சட்டக் கடமை இல்லாமல் இயங்கியது. அந்த ஐந்து நீதிபதிகளைவிட மாறுபட்ட நால்வரின் பார்வையே சரியென்று நான் கருதுகிறேன். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று தன் அதிகாரத்தை ஒரு சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டால், பொறுப்பும் அதோடு ஆவியாகிவிடுமா?

நீதிமன்றமே உதவினாலும் உதவி நீடிக்காதபடி இன்னொரு விதி இருக்கிறது. அதற்கு மீட்பு விதி என்று பெயர் வைக்கலாம். நீதிமன்ற உத்தரவின் பேரில் ஒரு ஆட்டக்காரர் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த உத்தரவு பின்னர் ரத்தானால், அவர் ஆடிய ஆட்டங்களின் வெற்றிகளைப் பல்கலைக்கழகத்திடமிருந்து பறிக்கலாம், போட்டித்தொடரில் வந்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், பருவத்துக்குப் பிந்தைய ஆட்டங்களிலிருந்து விலக்கலாம். ஆட்டக்காரருக்குக் கிடைத்த உத்தரவு செல்லும். ஆனால் அதை மதித்து அவரை ஆடவிடும் பல்கலைக்கழகம் தன் முழுப் பருவத்தையும் பணயம் வைக்கிறது. எந்தத் துணைவேந்தரும் இதற்கு எளிதில் துணிய மாட்டார். உரிமையைத் தடை செய்யாமலே, உரிமையைப் பயன்படுத்த உதவுகிறவரைப் பயமுறுத்தும் உத்தி இது. 2009இல் ஒஹாயோ மாநில நீதிபதி ஒருவர், ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகப் பேஸ்பால் வீரர் ஆண்ட்ரூ ஆலிவரின் வழக்கில், இந்த விதி செல்லாது என்றே தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டுக்கு முன் என்சிஏஏ 7,50,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது; சமரசத்தின் ஒரு பகுதியாகத் தீர்ப்பு நீங்கியது; விதி பிழைத்தது.

2019 நவம்பரில் மெம்ஃபிஸ் இந்த விதியின் நிழலில்தான் நின்றது. முதல் இரவிலேயே என்சிஏஏ வெளிப்படையாக எச்சரித்தது: தகுதியிழக்க வாய்ப்புண்டு என்று பல்கலைக்கழகத்திடம் சொல்லியிருந்தோம், ஆடவிட்டது அவர்கள் முடிவு, பொறுப்பும் அவர்களுடையது. நவம்பர் 12இல் போர்ட்லண்ட் நகரில் ஓரிகன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக வைஸ்மன் ஆடினார். 14 புள்ளி, 12 ரீபவுண்டு, அணிக்குத் தோல்வி. இரண்டு நாள் கழித்து அவர் வழக்கைத் திரும்பப் பெற்றார். பல்கலைக்கழகம் அவரைத் தகுதியற்றவர் என்று அறிவித்து, மறுதகுதி கோரி மனுச் செய்தது. நவம்பர் 20இல் முடிவு வந்தது. 12 ஆட்டங்கள் தடை. அத்தோடு, 11,500 டாலரை அவர் விரும்பும் ஓர் அறக்கொடை நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும்.

இந்த இரண்டாவது நிபந்தனையில் கொஞ்சம் நிற்க வேண்டும். 18 வயது மாணவர். ஆட்டத்தால் ஒரு டாலர் சம்பாதிக்கவும் அவருக்கு அனுமதியில்லை. பிறர் கொடுத்து உதவினால் அதுவும் தகாத சலுகை. முன்னாள் ஆட்டக்காரரும் தொலைக்காட்சி விமர்சகருமான ஜே வில்லியம்ஸ் இணையத்தில் நிதி திரட்டத் தொடங்கினார். விதி இடங்கொடாது என்பதால் அந்த முயற்சி நின்றது. தான் கேட்காத, தான் அறியாத, தன் கைக்கு வராத பணத்தைத் தான் சம்பாதிக்கவும் கூடாமல், பிறரிடம் பெறவும் கூடாமல் ஒருவர் திருப்பிக் கட்ட வேண்டும். அபராதம் என்று எதைச் சொன்னாலும், கட்டும் வழியைக் கட்டுகிறவருக்கு விட்டுவைக்க வேண்டும் என்பது சாதாரண நீதி உணர்வு.

என்சிஏஏவின் பக்கத்தையும் அதற்குரிய கனத்தோடு சொல்ல வேண்டும். வீடு மாற்ற உதவுகிறேன் என்று ஒரு செல்வந்தர் குடும்பங்களுக்குப் பணம் தரலாம் என்றால், திறமையான பையன்களின் பெற்றோரை ஏலத்தில் எடுக்கும் நிலை வந்துவிடும். இது கற்பனை அச்சம் அல்ல. 2017 செப்டம்பரில் நியூயார்க்கில் மத்திய அரசின் வழக்கறிஞர்கள் அடிடாஸ் நிறுவனத்தின் அலுவலர் ஜேம்ஸ் காட்டோ உள்ளிட்டோர் மீதும் பல கல்லூரித் துணைப் பயிற்றுநர்கள் மீதும் குற்றம் சாட்டினார்கள். பிரையன் போவன் என்ற இளைஞர் லூயிவில் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்காக அவர் தந்தைக்கு 1,00,000 டாலர் தருவதாகப் பேசப்பட்டது அவ்வழக்கில் வெளிவந்தது. அந்த அதிர்ச்சியின் மத்தியில்தான் வைஸ்மன் கோப்பு மேசைக்கு வந்தது. ஹார்டவே, பணம் கொடுத்த அடுத்த ஆண்டே பல்கலைக்கழகப் பயிற்றுநராகி அதே பையனைத் தன் அணிக்கு எடுத்தார் என்பதும் மெய். விசாரிக்கக் காரணம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போவன் கதை இன்னொன்றையும் காட்டுகிறது. பேரம் பேசியவர்கள் பெரியவர்கள். கல்லூரிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாமல் போனவர் அந்த இளைஞர். விதி யாரைப் பிடிக்க எழுதப்பட்டதோ அவர்களைவிட எளிதில் கைக்கு எட்டுகிறவர் எப்போதும் ஆட்டக்காரர்தான்.

டிசம்பர் நடுவில், தடை செய்யப்பட்ட 12 ஆட்டங்களில் பாதிக்கு மேல் கழிந்திருந்தது. ஜனவரி 12இல் அவர் திரும்பியிருக்கலாம். ஆனால் டிசம்பர் 19இல் வைஸ்மன் பல்கலைக்கழகத்தை விட்டு விலகி, என்பிஏ டிராஃப்டுக்குத் தயாராகப் போவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி அவரை இரண்டாவது இடத்தில் தேர்ந்தெடுத்தது. முதல் பருவச் சம்பளம் சுமார் 87 லட்சம் டாலர். அப்படியானால் அவருக்கு என்ன இழப்பு என்று கேட்பவர்கள் உண்டு. பணத்தை மட்டும் வைத்து இழப்பை அளந்தால் அப்படித்தான் தோன்றும். 19 வயது உயரமான ஆட்டக்காரருக்கு ஒரு பருவம் முழுக்கப் போட்டி ஆட்டம் என்பது கற்றலின் பெரும் பகுதி. மூன்று கல்லூரி ஆட்டங்களுக்குப் பின், பெருந்தொற்றால் தள்ளிப்போன ஓர் ஆண்டு இடைவெளியோடு, அவர் உலகின் கடினமான லீக்கில் இறக்கப்பட்டார். காயங்களும் சேர்ந்துகொண்டன. 2023 பிப்ரவரியில் வாரியர்ஸ் அவரை வேறு அணிக்கு மாற்றியது. இழந்த அந்தப் பருவம்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். ஆனால் அது இழப்பே இல்லை என்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. மேலும், இரண்டாம் இடத்தில் தேர்வாகும் திறமை உள்ளவருக்கே இதுதான் கதி என்றால், எந்த டிராஃப்டிலும் பெயர் வராத, நான்கு கல்லூரி ஆண்டுகளே தன் முழு ஆட்ட வாழ்க்கையாக உள்ள பெரும்பான்மை மாணவர் எங்கே போவார்?

இதற்கிடையில் பல்கலைக்கழகத்தின் மீதான முழு வழக்கு தனியாக நகர்ந்துகொண்டிருந்தது. 2017 ஊழலுக்குப் பின், முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் தலைமையிலான குழு 2018இல் அளித்த பரிந்துரையின் பேரில், சிக்கலான வழக்குகளை விசாரிக்கச் சுதந்திரமான ஒரு தீர்ப்பாயம் உருவாகியிருந்தது. மெம்ஃபிஸ் வழக்கு அங்கே போனது. முடிவு வந்தது 2022 செப்டம்பர் 27இல். மேற்பார்வைக் குறைக்கும் விசாரணையில் ஒத்துழைக்கத் தவறியதற்கும் பல்கலைக்கழகத்துக்கு மூன்று ஆண்டு கண்காணிப்பும் அபராதமும் பொதுக் கண்டனமும். வைஸ்மன் தகுதியின்றி ஆடிய ஆட்டங்களின் வெற்றிகள் பதிவேட்டிலிருந்து நீக்கம். ஹார்டவேக்குத் தண்டனை இல்லை. காரணத்தையும் தீர்ப்பாயம் சொன்னது: மெம்ஃபிஸின் ஏழை இளைஞர்களுக்கு ஹார்டவே நெடுங்காலமாக உதவி வந்திருக்கிறார், பூஸ்டர் ஆவதற்கு முன்பிருந்தே உதவி வந்தார், அவர் செய்தது குறிப்பிட்ட ஆட்டக்காரரை இழுக்கத் தந்த தனிச் சலுகை அல்ல, பொதுவாகப் பலருக்கும் கிடைத்த உதவி.

அதாவது, பணம் கொடுத்தவர் குற்றவாளி அல்ல. பணம் வந்ததே தெரியாத மாணவர் 12 ஆட்டத் தடையையும் அபராதத்தையும் ஏற்கெனவே பெற்றுவிட்டார். அதே தொகை, அதே கை, அதே கோடை. ஒரே அமைப்பின் இரு வழிமுறைகள் அதற்கு இரு பொருள் கண்டன. அவசரமாக முடிவெடுத்தது இளைஞரின் மீது. பொறுமையாக, சூழலை எடைபோட்டு முடிவெடுத்தது பெரியவரின் மீது. இதில் யாருடைய தீய எண்ணமும் இருப்பதாக நான் சொல்லவில்லை. தகுதி நீக்கம் என்பது இறுதித் தண்டனையாக அல்லாமல் தொடக்க நடவடிக்கையாக வைக்கப்பட்டிருக்கும்வரை இப்படித்தான் நடக்கும். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் தீர்ப்பு வரும்வரை வெளியே இருக்க ஜாமீன் உண்டு. இங்கே சந்தேகமே வாசலைச் சாத்துகிறது, திறக்கும்போது பருவம் முடிந்திருக்கிறது. அந்தச் சுதந்திரத் தீர்ப்பாயமும், வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன என்ற குறையோடு, பின்னர் கலைக்கப்பட்டது.

2019இல் குற்றமாக இருந்தது இன்று பெரும்பாலும் குற்றமே அல்ல. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பது பேரும் ஒருமனதாக என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்து, கல்வி சார்ந்த சலுகைகளுக்கு அது வைத்த வரம்பு போட்டிச் சட்டத்தை மீறுவதாகச் சொன்னது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெறலாம். 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்ற, ஹவுஸ் என்ற வழக்கின் சமரசத்தின்படி முன்னாள் ஆட்டக்காரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. பல்கலைக்கழகங்கள் 2025-26இல் 2.05 கோடி டாலர் வரை தம் வீரர்களோடு நேரடியாகப் பகிர்ந்துகொள்ளலாம். பணத்தைப் பற்றிய பழைய விதிகள் இப்படிக் கரைந்தன. ஆனால் தகுதி யார் கையில், எந்த வேகத்தில், எந்த விசாரணையோடு என்ற கேள்வி கரையவில்லை. எத்தனை ஆண்டு ஆடலாம், எத்தனை முறை கல்லூரி மாறலாம் என்று வழக்குகளின் பொருள் மட்டும் மாறிக்கொண்டே வருகிறது.

மெம்ஃபிஸில் என்ன குறைந்தது என்பதை 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் நடந்தது தெளிவாக்குகிறது. ரேக்வான் பேட்டில் என்ற கூடைப்பந்து ஆட்டக்காரர் மோன்டானா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அது அவருக்கு இரண்டாவது மாற்றம் என்பதால் அந்தப் பருவம் ஆட என்சிஏஏ விலக்குத் தர மறுத்தது. டென்னசி உட்பட ஏழு மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள் போட்டிச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தார்கள். கூட்டாட்சி நீதிபதி ஜான் பிரெஸ்டன் பெய்லி, மாற்ற விதிக்கு இடைக்காலத் தடை விதித்தார். அதோடு நிற்காமல், தடையை நம்பி ஆடும் மாணவருக்கும் அவரை ஆடவிடும் பல்கலைக்கழகத்துக்கும் எதிராக மீட்பு விதியை ஏவக்கூடாது என்றும் உத்தரவில் சேர்த்தார். அப்போதும் என்சிஏஏ, தடை பின்னர் நீங்கினால் ஆடிய ஆட்டங்கள் அவரவர் தகுதி ஆண்டிலிருந்து கழியும் என்று சொல்லிப் பார்த்தது. குழப்பம் மூண்டதும் இரு தரப்பும் உடன்பட்டு, அந்தப் பருவம் முடியும்வரை தடையை நீட்டித்தன. அடுத்த ஆண்டு நீதித்துறை அமைச்சகமும் வழக்கில் சேர, ஒப்புதல் ஆணையாக விவகாரம் முடிந்தது. மாற்ற விதி நிரந்தரமாகப் போயிற்று. பேட்டில் டிசம்பர் 20இல் ராட்ஃபோர்டு அணிக்கு எதிராகக் களமிறங்கி 29 புள்ளிகள் எடுத்தார். அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களை வழக்கு முடியக் காத்திராமல் ஆடினார்.